நாடு முதலில், பேர் கடைசியில்

பாப்பாயியை முதன்முதலில் பார்த்தவர்கள் எல்லாரும் அவள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். இதை எழுதுகிறவனும் அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், காய்ச்சலோடு மலைமேல் செம்மேட்டுப் பக்கத்து அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போனபோது பதிவு மேசையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் இருந்தாள். புதிதாகப் பட்டம் வாங்கிய மிடுக்கில் இனிஷியலோடு முழுப்பேரைச் சொன்னதற்கு அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரு கெடக்குதுங்க. எந்த நாடு?"

"ஆலத்தூர் நாடு."

"எந்த வளவு? யாரூட்டுப் பையன்?"

எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது நாடு, சில வீடுகள் சேர்ந்தது வளவு. அதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், "இப்ப பேரைச் சொல்லுங்க" என்றாள். நாலே நாலு எழுத்தைத் தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அதற்கு முந்தின வருடம் நாய் கடித்ததற்குப் போட்ட ஊசி வரைக்கும் அதில் இருந்தது.

அந்த நாலு எழுத்துக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது.

பாப்பாயி தேவனூர் நாட்டுக்காரி. அப்பா ராசுவுக்கு ஒரு ஏக்கர் குச்சிக்கிழங்குக் காடும், நாலு மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும். உறைவிடப் பள்ளியில் படித்து, ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தாள். முதல் பட்டதாரிச் சான்றிதழை சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியது அவளேதான். கல்லூரியில் வருகைப் பதிவில் அவள் பேர் வரும்போதெல்லாம் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். கூடப் படித்த அருணா நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்: "கெஜட்ல மாத்திக்கடி. பவித்ரான்னு வெச்சுக்க."

"சிரிக்கறவன் வாயை மொதல்ல மாத்திக்கச் சொல்லு" என்றாள் பாப்பாயி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மருத்துவமனையில் அவள் சேர்ந்தது டேட்டா என்ட்ரி ஆபரேட்டராக. ஒன்பதாயிரம் நோயாளிகளின் காகித அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சேலத்துக் கம்பெனி ஒன்று அதற்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. பேரின் முதல் எழுத்துகளை அடித்தால் கீழே எட்டுப் பேர் பட்டியலாக விழும். அடிக்கடி வருகிற ஆள் மேலே நிற்பார். சேலத்தில் சோதித்தபோது அழகாகத்தான் ஓடியது. மலையில் கண்ணாயிகள் மட்டும் நாற்பத்தாறு பேர்.

அதில் ஒரு கண்ணாயி திண்ணனூர் நாட்டிலிருந்து கால் புண்ணோடு வந்தாள். அன்றைக்குக் கூட்டம். நர்ஸ் 'கண்' என்று அடித்து, மேலே நின்ற கண்ணாயியை அமுக்கிவிட்டாள். கோப்பில் ஒவ்வாமை எதுவும் இல்லை என்றிருந்தது. டாக்டர் அருள்மொழி பென்சிலின் எழுதினார். ஊசி போடும் அறை வாசலில் அந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "திண்ணனூர் நாடு, குழிவளவு, சடையனூட்டு மருமவ" என்று சொல்லிக்கொண்டிருந்தது பாப்பாயி காதில் விழுந்தது. சற்று முன் நர்ஸின் திரையில் பாப்பாயி பார்த்த கண்ணாயி தேவனூர் நாடு. எழுந்து ஓடினாள். ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது; கையில் இன்னும் இறங்கவில்லை. பழைய அட்டையைத் தேடி எடுத்தார்கள். பென்சிலின் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

டாக்டர் அருள்மொழி அன்றைக்கே முடிவெடுத்தார். பேரை வைத்துத் தேடுவதை எடுத்துவிட வேண்டும். ஆளுக்கொரு ஆறு இலக்க எண், அதற்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. அட்டை இல்லாமல் வந்தால் புது நோயாளியாகப் பதிய வேண்டியதுதான்.

"அப்ப பழசெல்லாம் போயிருங்களே, மேடம்" என்றாள் பாப்பாயி. "செவப்பு மையில எழுதினதும் போயிரும்."

"தப்பான ஆளைத் திறக்கறதுக்கு அது பரவால்ல. பத்து நாள்ல கம்பெனிக்காரங்க மாத்திக் குடுத்துருவாங்க."

கம்பெனியிலிருந்து வந்தவன் ரமீஸ். அடிவாரத்துப் பையன், அவன் அத்தா சேக் மைதீன் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்குகிறவர். பாப்பாயி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, உங்கத்தா சந்தையில மொதல்ல என்ன கேப்பாரு?"

"எந்த நாட்டுச் சரக்குன்னு கேப்பாரு."

"அப்பறம்?"

"எந்த வளவு, யாரூட்டுக் காடுன்னு."

"பேரு?"

ரமீஸ் டீயைக் கீழே வைத்தான். "கடைசீல. கேக்காமயே விட்டாலும் விட்ருவாரு."

"பத்தாவது தாண்டாத மனுசனுக்குத் தெரிஞ்சது உங்க பொட்டிக்குத் தெரியலீங்களே."

"ஏம்மா, எங்கத்தாவ வெச்சே என்னைய அடிக்கறியா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எண்ணு போடறதுக்குத்தான் எனக்கு ஆர்டர். நீ செஞ்சு காட்டினா டாக்டர்கிட்டப் பேசறேன். பரிசோதனைக்கு ஒரு தனி நகல் தாரேன், அதுல என்ன வேணாப் பண்ணு" என்றான்.

முதல் நாள் அவள் செய்தது ஓடவே இல்லை. எல்லாத் தகவலிலும் எங்கே வேண்டுமானாலும் தேடு என்று சொல்லியிருந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் சேலத்து சர்வர் ஒன்பதாயிரம் வரியையும் தலைமுதல் கால்வரை புரட்டியது. மலையில் சிக்னல் இருக்கிற லட்சணத்தில், 'தி'க்கு வரவேண்டிய பதில் 'திண்'ணுக்கு வந்த பதிலுக்குப் பின்னால் தள்ளாடி வந்து, சரியான பட்டியலை அழித்துவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டது. அதாவது, அவசரத்தில் நர்ஸ் செய்த அதே தப்பை இப்போது இயந்திரமே செய்தது.

ஒவ்வொன்றாகப் பிடித்தாள். விரல் சற்று ஓய்ந்த பிறகுதான் கேள்வி கிளம்ப வேண்டும். பிந்தி வருகிற பழைய பதிலைக் குப்பையில் போட வேண்டும். நாடு, வளவு பேர்கள் மட்டும் மேசைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். அதற்கு சேலம் போக வேண்டியதில்லை. நாடு, வளவு, வீடு, பேர் என்ற வரிசையில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரி, அகராதி மாதிரி அடுக்கி வைக்கப்பட்டது. ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் இடைவெளி விட்டு அடித்தால் போதும். 'தி கு ச க' என்று அடித்தாள். திண்ணனூர் நாடு, குழிவளவு, சடையன் வீடு, கண்ணாயி. கண் இமைப்பதற்குள் வந்தது, தனியாக. கடைசியாக ஒன்று சேர்த்தாள்: அந்த வரியை வயதோடு வாய்விட்டுப் படித்து, எதிரே இருப்பவர் ஆமாம் என்ற பிறகுதான் கோப்பு திறக்கும் பொத்தான் தெரியும்.

ரமீஸ் டாக்டரிடம் பேசியதில், பத்தாவது நாள் இரண்டு மேசை போட்டார்கள். ஒன்றில் நர்ஸ்; அந்தப் பத்து நாளில் வந்தவர்களுக்கெல்லாம் எண் அட்டை கொடுத்தாயிற்று. இன்னொன்றில் பாப்பாயி. டாக்டர் நடுவில் நின்றார். மத்தியானம் வரை அவள் மேசைக்கு வந்தது முப்பத்தொரு பேர். இருபத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள். மூன்று பேர் கிடைக்கவில்லை.

"மூணு பேர் போதும்மா, ஒரு உயிர் போறதுக்கு" என்றார் டாக்டர்.

பாப்பாயி நாற்காலியை விட்டு எழவில்லை. "அந்த மூணும் என் தப்புங்க, எழுதிக்கங்க. அந்த மேசையில அட்டை கொண்டாராதவங்க பத்தொம்போது பேரு நிக்கறாங்க. அதை யாரு தப்புன்னு எழுதுவீங்க?"

ரமீஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அந்த வரிசையைப் பார்த்தார், எண்ணினார் போலும். "திங்கக்கிழமை வரைக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கிடைக்காத மூன்று பேரும் வேறு வளவுக்குக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள். அவர்களுடைய பழைய காகித அட்டை பிறந்த வளவின் பேரில் இருந்தது. வாய் புகுந்த வளவைச் சொன்னது. தனக்கே இது தோன்றாமல் போனதில் பாப்பாயிக்குத் தன் மேலேயே கோபம். ஓர் ஆளுக்கு ஒரு வரி என்ற விதியைத் தூக்கினாள். பிறந்த ஊடு ஒன்று, புகுந்த ஊடு ஒன்று. இரண்டு வரியும் ஒரே கோப்பைக் காட்டும்படி செய்தாள்.

திங்கட்கிழமை வந்தவர்கள் நாற்பது பேர். அந்த மூன்று பேரையும் வரவழைத்திருந்தாள். ஒருவரும் தவறவில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த கண்ணாயியிடம் டாக்டரே வரியைப் படித்துக் காட்டிக் கேட்டார். நடந்ததெல்லாம் அந்த அம்மாளுக்குச் சொல்லப்பட்டது.

"இத்தன நாளும் இதைத்தானே சாமி சொல்லிட்டிருந்தோம்" என்றாள் கண்ணாயி. "யாரு காதுல வாங்கினா?"

டாக்டர் பிளாஸ்டிக் அட்டைப் பெட்டியை ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

கம்பெனி பாப்பாயியைச் சேலத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டது. ரமீஸ்தான் போனில் பேசினான். "பொட்டி இங்க ஓடுதா, நிக்குதான்னு சேலத்துல ஒக்காந்தா எப்படிங்க தெரியும்? வேலையை இங்க அனுப்புங்க, செய்யறேன்" என்றாள். அனுப்புகிறார்கள்.

இப்போது பாப்பாயிக்கு இருபத்தேழு வயது. காலையில் அதே பதிவு மேசையில் இருக்கிறாள். மத்தியானத்துக்கு மேல் பின்னறையில் உட்கார்ந்து, மலையிலுள்ள இன்னும் இரண்டு சிகிச்சை மையங்களுக்கு அதே தேடல் பெட்டியைச் செய்கிறாள். சம்பளச் சீட்டில் பதவி இன்னமும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் என்றுதான் வருகிறது. அதை மாற்றச் சொல்லி மூன்றாவது மனு கொடுத்திருக்கிறாள்.