ரேவதி அக்கா நிறுத்திய ஆட்டம்

போன மாதம் ஒரு மதியம் ரேவதி அக்காவின் கணவர் போனில் கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க தம்பி" என்றார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாராம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். எதையும் இன்னொரு தடவை சரிபார்க்காமல் விடாத மனுஷி, தன் நெஞ்சை ஒரு தடவைகூட டாக்டரிடம் காட்டவில்லை.

பொள்ளாச்சி ரோட்டில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் பெயின்ட்பால் மைதானத்துக்கு வந்து, சாயக்குண்டுத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடி, உடம்பெல்லாம் சாயத்தோடு திரும்பிய உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். பாதிப்பேர் அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, கணவரின் தோப்பில் ஒரு பகுதியை மைதானமாக்கியவர் அவர். ஆட்டத்தின் நடுவே முகமூடியைத் தூக்கி வியர்வை துடைத்தால் தொலைந்தோம். "ஏனுங்க, மூஞ்சிக்குக் காத்து வேணும்னா ஆழியாறு டேமுக்குப் போங்க, இங்க எதுக்குங்க வந்தீங்க?" என்பார். மரியாதை குறையாமல் திட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

சாயக்குண்டு நொடிக்கு இருநூற்றெண்பது அடிக்கு மேல் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். அதைத் தாண்டினால் முகமூடிக் கண்ணாடியும் தாங்காமல் போகலாம். அதை அளக்கும் மிஷினுக்கு இரண்டு கண்கள். முதல் கண்ணைத் தாண்டிய குண்டு அடுத்த கண்ணைத் தாண்ட ஆகும் நேரத்தை வைத்து வேகத்தைக் காட்டும். ஓலை நிழல் ஆடினால் அந்தக் கண்கள் ஏமாந்துவிடும் என்று அக்கா அதன்மேல் ஒரு கறுப்புக் குடையைக் கட்டிவைத்திருந்தார். அளக்கும்போதும் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு வலைக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒரே குண்டை நம்பமாட்டார். பல குண்டுகள் சுட்டு, அவற்றில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார். "சராசரி வந்து யாரு மேலயும் படாதுங்க. ஒத்தக் குண்டுதான் படும்" என்பார்.

நான் அங்கே முதலில் போனது ஆட்டக்காரனாக. எங்கள் கம்பெனியில் எல்லோரையும் ஒருநாள் கூட்டிப்போயிருந்தார்கள். காலையில் எல்லாத் துப்பாக்கிகளையும் அக்கா அளந்து கொடுத்தார். மதியம் இலை போட்டுச் சாப்பாடு. அந்நேரம் பார்த்துத் தோப்புக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். எதிரணியின் துப்பாக்கிகள் வாய்க்கால் ஓரமாக இருந்தன. நனைந்துவிடுமே என்று தோப்பில் வேலை பார்ப்பவர் அவற்றை அள்ளிக்கொண்டு போய், கொப்பரை காயப்போடும் சிமெண்டுக் களத்தில் உச்சி வெயிலில் வரிசையாகப் பரப்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் எதை ஈரத்திலிருந்து காப்பாற்ற வேண்டுமென்றாலும் கால் தானாகக் களத்துக்குத்தான் போகும். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தத் துப்பாக்கிகளில் மாட்டியிருந்த சிலிண்டர்களில் இருப்பது கரியமில வாயு. சூடேறினால் அழுத்தம் ஏறும், குண்டின் வேகமும் கூடவே ஏறும்.

அக்கா பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கை கழுவிய சூட்டோடு, அவருக்குக் காத்திராமல் இறங்கிவிட்டோம். நான் ஒரு தகர டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எதிரணித் தலைவர் எங்கள் மேனேஜர். அவருடைய முதல் குண்டு டிரம்மில் பட்டது. அது காலையில் கேட்ட சத்தம் இல்லை. தகரம் அதிர்ந்தது என் முதுகெலும்பு வரைக்கும் தெரிந்தது. நான் நகர்வதற்குள் அவர் சுற்றி வந்துவிட்டார். துப்பாக்கிக் குழாய் என் முகத்துக்கு நேராக, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்போதுதான் விசில் கேட்டது. டிரம் சத்தத்தைக் கேட்டே அக்கா ஓடிவந்திருந்தார்.

"துப்பாக்கியக் கீழ எறக்குங்க. ஆரும் முகமூடியக் கழட்டாதீங்க."

மேனேஜரின் சிலிண்டரைத் தொட்ட அக்கா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அது எங்கே இருந்தது என்று கேட்டார். களத்தில் என்றதும் முகம் மாறிவிட்டது. குடைக்குக் கீழே கொண்டுபோய்ச் சுட்டார். மிஷின் முந்நூற்று நாற்பது காட்டியது.

"காலையில பாத்தாச்சுங்களே மேடம்" என்றார் மேனேஜர். "இந்த நிழல்ல உங்க மிஷின் தப்பாக் காட்டுதுங்க."

"இருக்கலாமுங்க. அதையும் பாத்துப்போடலாம்."

நிழலிலேயே இருந்த என் துப்பாக்கியை வாங்கி அதே இடத்தில் சுட்டார். இருநூற்றெழுபதைத் தாண்டவில்லை. மறுபடியும் மேனேஜருடையதைச் சுட்டார். மறுபடியும் முந்நூற்று நாற்பது.

"களத்துல கெடந்ததெல்லாம் நெழல்ல ஆறட்டுங்க. ஒவ்வொண்ணையும் இன்னொருக்கா அளந்துதான் உடுவேன்."

மேனேஜர் லேசில் விடுபவர் இல்லை. எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, ஆடறவன் நீ. உனக்கு ஏதாச்சும் பயமா?"

அப்போது என் வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. நிரந்தரமாக்க வேண்டியவர் அவர்தான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "இல்லைங்க சார்" என்றேன். முகமூடியின் வாரை இறுக்கிக்கொண்டு டிரம்மைப் பார்த்து நடந்தேன். மிஷின் காட்டிய எண்ணை இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தும் நடந்தேன்.

அக்கா குறுக்கே வந்து நின்றார். மேனேஜரைத்தான் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அவரு உங்ககிட்ட வேலை பாக்கறவருங்க. வேண்டாமுன்னு எப்படீங்க சொல்லுவாரு? அவரக் கேக்காதீங்க. மிஷினைப் பாருங்க."

அன்று ஆட்டம் மறுபடி தொடங்கவில்லை. மேனேஜர் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். என் வேலை பிறகு நிரந்தரமாயிற்று. அந்த மதியத்தைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக மைதானத்துக்குப் போய் நின்றேன். "என்ன கண்ணு, இன்னும் சாவுலீன்னு காட்ட வந்தீங்களா?" என்று அக்கா கேட்டுச் சிரித்துவிட்டு விசிலைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவரோடு நடுவராக நின்றேன்.

காரியமெல்லாம் முடிந்துவிட்டது. மைதானத்தைத் திறக்கலாம் என்கிறார் அக்காவின் கணவர். அக்கா இல்லாத தோப்பில் ஆட்டத்தை நடத்த எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முதலாளியும் தொழிலாளியும், மாமனாரும் மருமகனும் எதிரெதிரே நிற்கிற இடம் அது. அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது ஒன்றுதான். துப்பாக்கிக்கு எதிரே நிற்பவரிடம் "உங்களுக்குப் பரவாயில்லைங்களா?" என்று நான் கேட்கமாட்டேன். பரவாயில்லை என்றுதான் அவர் சொல்வார்.