ஒற்றைக் காதுக்கு முழுப் பாட்டு

என் அக்கா புருஷனை எல்லோரும் ‘மைக்செட்’ என்றுதான் கூப்பிடுவோம். மேடை மேடையாக ஒலி அமைத்த மனுஷன். அக்காவுக்கு வலது காது கேட்காமல் போனதும், ஹெட்போனில் அந்தப் பக்கம் வரும் வயலின் அவளுக்கு இல்லாமல் போயிற்று. பாதிப் பாட்டு எதற்கு என்று அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் கேட்க வைத்தும் வீட்டில் ஒருத்திக்கு முடியவில்லையே என்று அவர் உள்ளுக்குள் புழுங்கினார்.

ஒருநாள் ஒலிகளைக் கலக்கும் மேடை மிக்சரைத் தூக்கிவந்து வீட்டு ஸ்டீரியோவோடு இணைத்தார்.

“வீட்டுக்குள்ள மாநாடு நடத்தப் போறீங்களா?” என்றாள் அக்கா.

“வாயை மூடிட்டுக் காதைக் குடு.”

மிக்சரிலிருந்து வரும் ஒலியின் வலுவை வீட்டு செட் தாங்காது. அதனால் ஒலியளவுக் குமிழை அடிமட்டத்தில் வைத்து, அவளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, இரண்டு பக்க ஒலியையும் கலந்து இடது காதுக்கே அனுப்பினார். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“வயலின் வருதா?”

“சும்மா இருங்க. அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன், நீங்க வேற குறுக்கே.”