பேசாமல் இருந்த வக்கீல்

கோரின் யானோசெக் பிட்ஸ்பர்க் குடும்ப நீதிமன்றத்தில் நன்றாக அறிமுகமான முகம். அடி வாங்கிய பெண்களுக்காக இலவச சட்ட உதவி அலுவலகத்தில் ஒன்பது வருடம் வாதாடியவள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைத்து, அதற்குப் பதிலும் சொல்லிவிடுகிற வாய்.

அந்த வாயை மூடிக்கொண்டு இருக்கிற வேலையைத்தான் அவள் முப்பத்தேழாவது வயதில் கேட்டு வாங்கினாள். சட்டக் கல்லூரி ஒன்று நடத்திய சட்ட உதவி கிளினிக்கில், மாணவர்களைப் பழக்கும் இரண்டு வருட ஃபெல்லோஷிப். கணவனிடமோ காதலனிடமோ உதைபட்டு வருகிற பெண்களுக்கு மாணவர்களே வக்கீலாக நின்று பாதுகாப்பு உத்தரவு வாங்கித் தருவார்கள். ஃபெல்லோ அவர்களைத் தயார் செய்து, கோர்ட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும்.

முதல் சில மாதம் அவளால் உட்காரவே முடியவில்லை. மாணவன் சற்றுத் தடுமாறினால் போதும், எழுந்துவிடுவாள். கிளினிக்கின் தலைவி அடேல் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னாள்: "கேஸ் ஜெயிக்கணும்னா உன்ன பழைய ஆபீஸ்லயே விட்டிருப்போமே கோரின். இங்க நீ ஜெயிச்சா பசங்க தோத்த மாதிரி."

கோரினுக்குச் சுருக்கென்றது. அந்த வெள்ளிக்கிழமை சர்ச்சில் தவக்கால மீன் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அப்பாவிடம் புலம்பினாள். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புது டிரைவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தவர்.

"பக்கத்துல நின்னுக்கிட்டு, இல்லாத பிரேக்க மிதிச்சு மிதிச்சு என் கால் வீங்கியிருக்கு," என்றார். "ஆனா வாயத் தொறந்து கத்திராத. நீ கத்துனா அவன் ரோட்ட விட்டுட்டு உன் மூஞ்சியத்தான் பாப்பான்."

அடுத்த ஆண்டு வந்தது ஜோலீன் வழக்கு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கணவன் டக், கதவை உடைத்து உள்ளே வந்து அவள் கழுத்தை நெரித்திருந்தான். வழக்கை எடுத்தவள் டேரியா பெல்ச்சர் என்ற மாணவி. சொந்தக் குரலைக் கேட்டு அவளே பயப்படுவாள் போல, அவ்வளவு மெல்லப் பேசுவாள்.

டக்கின் வக்கீல் கில்பர்ட் மோஸ், பழம் தின்று கொட்டை போட்டவர். விசாரணைக்கு முன் தாழ்வாரத்தில் டேரியாவை மடக்கினார்.

"ஏம்மா, எதுக்கு வம்பு? ஒரு வருஷம் கிட்டயே வர மாட்டான், எழுதிக் குடுத்துடறோம். தப்பு செஞ்சான்னு மட்டும் ஒத்துக்க மாட்டோம். உன் கட்சிக்காரி கூண்டுல ஏறி அழவும் வேணாம்."

கோரினாக இருந்தால் அதற்கு ஒப்புக்கொண்டிருப்பாள். கையில் கிடைத்ததை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் டேரியா, மோஸ் சொன்னதில் இருந்த நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் ஜோலீனிடம் சொல்லிவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"அவன் என்ன செஞ்சான்னு நான் சொல்லணும்," என்றாள் ஜோலீன். "அத அவன் உக்காந்து கேக்கணும்."

டேரியா திரும்பிக் கோரினைப் பார்த்தாள். கோரின் சரி என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையசைக்கவில்லை. டேரியா போய் மோஸிடம், "வேணாம் சார்," என்றாள்.

கூண்டில் ஏறிய ஜோலீனுக்கு நா எழவில்லை. டேரியா கேட்ட முதல் கேள்விக்கே பேச்சு நின்றது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி கோரினின் நாக்கு நுனியில் துடித்தது. நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

டேரியா கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள். மெல்ல நடந்து, ஜோலீனுக்கும் டக்குக்கும் நடுவே போய் நின்றாள். இப்போது அவன் முகம் ஜோலீனுக்குத் தெரியாது.

"ஜோலீன், என்னப் பாருங்க. கதவு உடையறப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"மக்ரோனி வேக வெச்சிட்டிருந்தேன்," என்றாள் ஜோலீன். அதற்குப் பிறகு அவளை யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை.

மோஸ் எழுந்தார். "அவ்வளவு பயம்னா ரெண்டு தடவ ஏன் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனீங்க?"

"என் துணி, என் நாய், வேலைக்குப் போட்டுட்டுப் போற ஒரே ஷூ, எல்லாம் அங்கதான் இருந்துச்சு. ரெண்டு தடவையும் உயிரோட வெளிய வந்தேன். மூணாவது தடவ வருவேனான்னு தெரியல. அதான் இங்க வந்தேன்."

மோஸ் தாள்களை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நீதிபதி மூன்று வருடத்துக்கு உத்தரவு போட்டார். சட்டம் தரும் முழு அளவு. வீடு ஜோலீனுக்கு, டக் அன்றே சாவியை ஒப்படைக்க வேண்டும்.

வெளியே வந்ததும் கோரின் டேரியாவைப் பிடித்தாள். "நடுவுல போய் நிக்கச் சொல்லி யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலையே. அவங்க கண்ணு எங்க போகுதுன்னு பாத்தேன். தப்பா?"

"தப்பா! ஒன்பது வருஷமா எனக்குத் தோணலயேடி!" கோரினின் சொந்தக் கட்சிக்காரிகள் ஜெயித்த நாட்களில்கூட நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

மோஸ் பையோடு கடந்து போனார். "என்ன கோரின், இன்னைக்குச் சும்மாவே உக்காந்திருந்த?"

"அதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளம்."

ஃபெல்லோஷிப் முடிந்ததும் ஈரி நகரத்துச் சட்டக் கல்லூரி ஒன்று புதிதாகத் தொடங்கிய கிளினிக்கை அவளிடமே ஒப்படைத்தது. டேரியா, கோரினின் பழைய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போதும் மெல்லத்தான் பேசுகிறாளாம். அவள் பேச எழுந்தால் கோர்ட் தாழ்வாரம் வரை அமைதியாகிவிடுகிறது என்று மோஸே கோரினுக்குப் போன் செய்து சொன்னார்.