பொம்பிளைக் காருக்குள் ஒரு பழைய வலை

மச்சானின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமான அன்று, "பொம்பிளைக் காருக்கு ஒருத்தரும் அலையவேண்டாம், என்ரை கார் இருக்கு" என்று, மணப்பெண்ணை ஏற்றிப்போகும் பொறுப்பை முந்திக்கொண்டு எடுத்தது நான்தான். யாரும் கேட்கவில்லை. மன்னார்த் தாழ்வுபாட்டில் எங்கள் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள்கள் நிறைய உண்டு. நான்கு சில்லில் நிற்பது என்னுடையது ஒன்றுதான் என்ற திமிர்.

அடுத்த வாரமே எலி வந்து, பொனெற்றுக்குள் ஒரு வயரை அறுத்தது. உப்புக்குளத்து மெக்கானிக் அதைப் பொருத்தி ஒட்டு ரேப் சுற்றிவிட்டு, "இனி எலி ஏறாமல் பாருங்கோ" என்று போய்விட்டார். எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. புத்தகம் வாசிக்கிறவன் வாய்திறந்து கேட்பானா? தேடி வாசித்தேன். சில கார்களின் வயர் உறையில் சோயா கலந்திருப்பதால் எலிக்கு அதில் ருசி என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் சோயாமீற் சமைத்தால் நாய்கூட முகத்தைத் திருப்பும். எலியின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

முதலில் பூச்சி உருண்டைகளைக் கட்டித் தொங்கவிட்டேன். கார் முழுவதும் சேலை அலுமாரி மணம். எலி உருண்டைக்குப் பக்கத்திலேயே புழுக்கை போட்டுவைத்தது.

"இரவில பொனெற்றைத் திறந்து விடுங்கோவன். வாசல் லைற் வெளிச்சம் பட்டால் அங்க குடியிருக்காது," என்றாள் மனைவி.

மிகவும் எளிதான யோசனை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

மச்சானிடம் பழைய வலை ஒன்றை வாங்கி, எஞ்சினுக்குக் கீழே எலி நுழையக்கூடிய வழியெல்லாம் மடித்து மடித்துக் கட்டினேன். காருக்கடியில் அரை நாள் மல்லாந்து கிடந்துவிட்டு, இந்த ஊரில் எலிக்கு வலை கட்டிய முதல் ஆள் நான்தான் என்ற பெருமையோடு எழுந்து மண்ணைத் தட்டினேன்.

அந்த வலையில் செதிலும் காய்ந்த மீன்குஞ்சும் ஒட்டியிருந்தன. வேறு ஊர்க்காரன் மூக்கைப் பொத்தியிருப்பான். வாசலுக்கு வாசல் கருவாடு காயும் ஊரில் வளர்ந்த எனக்கு அது மணமாகவே படவில்லை. காற்று என்றுதான் நினைத்தேன்.

எலி அப்படி நினைக்கவில்லை.

கலியாணம் வரை அழுக்குப்படக் கூடாது என்று நான் சில நாட்கள் காரை எடுக்கவும் இல்லை. கலியாணத்தன்று காலை, பூவும் ரிபனுமாக நின்ற காரில் மச்சானின் மகள், என் மருமகள், வெள்ளைச் சேலையோடு ஏறி அமர்ந்த பிறகுதான் திறப்பைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. பொனெற்றைத் திறந்தால், வலை நூலைப் பஞ்சாகக் கடித்துப் போட்ட மெத்தையில் சிவப்புச் சிவப்பாக எலிக்குஞ்சுகள். சுற்றிவர வயர்கள் துண்டு துண்டாக.

"இஞ்சருங்கோ, வலை போட்டனீங்களே, எத்தினை கிலோ பட்டது?" என்றாள் மனைவி.

வேதக்கோயிலில் இரண்டாம் மணி அடித்தது, மூன்றாம் மணியோடு பாதர் பூசையைத் தொடங்கிவிடுவார். மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது, கண்மைக்காக அடக்கிக்கொண்டிருந்தாள். "மாமா, இந்தச் சேலையோட நான் ஓட்டோவிலயோ போறது?"

மச்சான் எஞ்சினை எட்டிப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, அது அவன் எனக்குத் தந்த மரியாதை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்துக் கத்தினான்: "டேய், தோணி இழுக்கிற ஆக்களெல்லாம் இஞ்ச வாங்கோடா!"

கலியாணச் சட்டைகளோடு ஏழெட்டுப் பேர் வந்து பின்னால் தோள் கொடுத்தார்கள்.

"அத்தான், நியூட்ரல்ல போட்டிட்டுச் சும்மா பிடிச்சுக்கொண்டிருங்கோ. கோயில் வாசல் வரைக்கும் பிறேக்கில கால் வைக்கப்படாது," என்றான் மச்சான்.

"எனக்குக் கார் ஓடத் தெரியும்," என்றேன்.

"நீங்க எங்க ஓடுறியள்? ஓடப்போறது நாங்களெல்லோ!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மன்னாரில் ஏற்றம் இறக்கம் என்று ஒன்று கிடையாது. கரையில் தோணி இழுக்கும் அதே சத்தத்தோடு தள்ள, கார் கோயில் றோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியில் பார்த்தேன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, முகத்தைக் கொஞ்சம் டிரைவர் மாதிரி வையுங்கோ. வீடியோ எடுக்கினம்."

மூன்றாம் மணிக்கு முன்பே வாசலில் நின்றோம்.

பூசை முடிந்து மணமக்கள் இருவரும் வந்தபோது, மாப்பிள்ளை கார்க் கதவைப் பிடித்தபடி என்னையும், பின்னால் தயாராகக் குனிந்து நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகள் உள்ளே அமர்ந்து, பூச்செண்டை மடியில் வைத்துவிட்டு மாப்பிள்ளையிடம் கையை நீட்டினாள்.

"கோட்டைக் கழட்டித் தாங்கோ. இடது பக்கம் தள்ள ஒராள் குறையுது."

அவர் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.