முதல் கட்டு என் காலுக்கு

சொன்னால் சிரிப்பீர்கள். என் மகளின் இடது கால் வில்லாய் வளைந்ததற்கு, மனைவி அவளை இடுப்பிலேயே தூக்கி வைத்திருந்ததுதான் காரணம் என்று நம்பினேன். பதறிப்போய், கல்வராயன் மலையில் எலும்புக்குக் கட்டுப் போடுபவரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூங்கில் பத்தையைப் பார்த்ததும் ஆறு வயதுக்காரி முறைத்தாள்.

"மொதல்ல உனுக்கு கட்டட்டும்ப்பா."

"எனுக்கு இன்னாடி கோணலு?"

"வலிக்காதுன்னு நீதான சொன்ன?"

வீராப்பாகக் காலை நீட்டினேன். அவர் கயிற்றை இறுக்கியதும் நான் போட்ட அலறலில், காத்திருந்த இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள்.

"என் கால யாரும் தொடக்கூடாது. வா, டாக்டராண்ட போலாம்" என்று மகள் முன்னால் நடந்தாள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் சரியாக வளராத அரிய நோய் என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். இடுப்பில் வைத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அறுவை சிகிச்சை செய்தார்கள், கால் நேரானது.