உப்பு பார்க்க ஆளில்லாத வீடு

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. அன்று கூட இருந்த கேமராக்காரப் பெண்ணிடமே கேட்டுக்கொள்ளலாம். வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் வாய் ஓயாமல் பேசுவாள். அந்த மூன்றாவது வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாள். தம்பியின் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பும் இருக்கிறது. வட்டமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அது எப்படி வந்தது என்று டாக்டரிடம்கூட அவர் சொல்லவில்லை.

தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர். டி.வி.யில் சமைப்பவர். ஆனால் ஒரு காலத்தில் 'சமையலக்கா' என்று ஊர் முழுக்கக் கொண்டாடிய அந்த அம்மாள் அவரைத் தம்பி என்று கூப்பிட்டதால், பார்த்தவர்களுக்கும் அவர் தம்பிதான். தலை நரைத்தும் தம்பி.

அக்கா செத்து ஓராண்டு ஆனபோது, அவர் வாழ்ந்த மூன்று வீடுகளுக்கும் தம்பி போய் நின்று பேசுவது போல ஒரு நிகழ்ச்சி எடுக்கலாம் என்றார்கள் டி.வி.க்காரர்கள். தம்பி தட்டிக் கழித்துப் பார்த்தார். முடியவில்லை. மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே.

அக்காவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. ஒரு நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு அக்காவுக்கு நாக்கில் ருசியே போய்விட்டது. உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சு. அதனால் தம்பிதான் அவருக்கு நாக்கு. அடுப்பைப் பார்த்தபடியே அக்கா கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார். டங்... டங்... திரும்பாமலே கரண்டியைப் பின்னால் நீட்டுவார். தம்பி உள்ளங்கையை விரிப்பார். ஒரு சொட்டு விழும். நக்கிப் பார்த்து, "சரியா இருக்கு அக்கா" என்பார். அப்புறம்தான் சட்டி இறங்கும். பல வருஷம் இப்படியே ஓடியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

முதல் வீடு, துணி தேய்க்கும் கடைக்கு மேலே ஓர் ஒற்றை அறை. இப்போது அதில் ஒரு பஸ் டிரைவரின் குடும்பம். அக்காவின் அடுப்பு இருந்த மூலையில் பள்ளிக்கூடப் பைகள் தொங்கின. தம்பி அங்கே நின்று பேச ஆரம்பித்தார்.

"இங்கதான் அக்கா முதல் முதல்ல..."

டங்... டங்...

கீழே கடையில் இஸ்திரிப் பெட்டி சத்தம் என்று நினைத்துப் பேச்சைத் தொடர்ந்தார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் கேமராக்காரப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சார், கையைக் கீழ விடுங்க. எதுக்கு நீட்டிக்கிட்டே இருக்கீங்க?"

குனிந்து பார்த்தார். வலது கை முன்னால் நீண்டிருந்தது. உள்ளங்கை விரிந்து, மேலே பார்த்து.

எப்போது நீட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. சிரித்து மழுப்பினார். படி இறங்கும்போது டிரைவரின் மனைவியிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

"கீழ கடையில எப்பவும் இவ்வளவு சத்தமாம்மா?"

"கடைக்கு இன்னைக்கு லீவு சார். பூட்டிக் கிடக்கு பாருங்க."

பூட்டித்தான் கிடந்தது.

இரண்டாவது வீடு பெரிய வீடு. அக்காவின் நல்ல காலத்து வீடு. அதை இப்போது ஒரு பல் டாக்டர் வாங்கி ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார். கலகலப்பான மனுஷன். "அக்கா இனிப்பு செய்யச் சொல்லிக் குடுத்தாங்க, எனக்குப் பொழப்பு ஓடுது" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். பழைய சமையலறையில் இப்போது குறடுகளையும் ஊசிகளையும் கொதிக்க வைக்கிறார்கள். மருந்து வாசனை. வெள்ளை ஓடு. அக்கா நின்ற இடத்தில் கை கழுவும் தொட்டி.

தம்பி இந்த முறை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

டங்... டங்...

தட்டில் குறடு ஏதோ விழுந்திருக்கும். அப்படித்தான் நினைத்தார். பின்னால் கட்டியிருந்த கையில், விரல்கள் மெல்லப் பிரிந்தன. அவர் பிரிக்கவில்லை.

ஒரு சொட்டு விழுந்தது.

சூடாக.

கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். மஞ்சளாக, எண்ணெய் மினுமினுப்போடு ஒரு துளி. வெங்காயம் வதங்கிய மணம்.

"மேல ஏதாவது ஒழுகுதா டாக்டர்?"

"மேல மாடியே இல்லையே சார். மொட்டை வெயில்தான்."

கைக்குட்டையில் துடைத்தார். தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். வேனில் ஏறியதும், "தலை வலிக்குது, மூணாவது வீடு வேண்டாம்" என்றார். கேமராக்காரப் பெண் கெஞ்சினாள். "அக்காவோட தங்கச்சி மகள் சாவியோட வந்து நிக்கிறாங்க சார். அக்கா கடைசியா இருந்த வீடு. அது இல்லாம எப்படி?"

வேன் கிளம்பிவிட்டது.

வழியெல்லாம் தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவருக்கு மடி நிறைய இருந்தது.

பல வருஷத்துக்கு முன்னால், ஒரு பெரிய விருந்து நாள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். அன்று காலையில்தான் அக்கா சொன்னார்: "அடுத்த வருஷத்துலேருந்து டி.வி.ல என் பக்கத்துல தங்கச்சி மகள் நிக்கட்டும் தம்பி. நீ வழக்கம் போல பின்னாடி இருந்து பாத்துக்கோ." பின்னாடி. அந்த ஒரு வார்த்தை முள்ளாகத் தைத்தது. அடுப்பில் சூப் கொதித்தது. டங்... டங்... கை விரித்தார். நக்கினார். உப்பு கச்சிதமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடலாம் அக்கா."

அக்கா போட்டார். மறுபடி கரண்டியை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

அதையும் போட்டார். மூன்றாவது முறை, "இப்ப சரியா இருக்கு" என்றார் தம்பி.

விருந்தாளிகள் ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே நிமிர்ந்து பார்த்தார்கள். மறுநாள் பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. அக்கா வாயைத் திறக்கவில்லை. தம்பியிடம் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சமையலை விட்டார், பெரிய வீட்டை விட்டார், எங்கோ ஒரு ஒடுக்குத் தெருவுக்குப் போனார். டி.வி.யில் அவர் நின்ற இடத்தில் தம்பி நின்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். தம்பி ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. சாவுக்கும் போகவில்லை. மாலை மட்டும் அனுப்பினார்.

மூன்றாவது வீடு சின்னது. முன்னறை, சமையலறை, பின்னால் ஒரு முற்றம். தங்கச்சி மகள் கதவைத் திறந்துவிட்டாள்.

"வாங்க மாமா. லைட்டு வராது. தண்ணியும் நிறுத்தியாச்சு. வாடகைக்கு விடப் போறோம், அதுக்கு முன்னாடி நீங்க வந்ததே சந்தோஷம். டீ வாங்கிட்டு வரேன்."

அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

கேமராக்காரப் பெண் பேட்டரி எடுக்க வேனுக்குப் போனாள். தம்பி தனியாகச் சமையலறைக்குள் நுழைந்தார்.

நல்ல வெளிச்சம். மதியச் சாப்பாட்டு நேரம். ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. அடுப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். சுவரில் புகைக் கறை மட்டும் இருந்தது. பாத்திரம் இல்லை. ஒரு கரண்டி இல்லை. மூலையில் காய்ந்து போன கழுவும் தொட்டி. அவ்வளவுதான்.

பயப்பட ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தரையைப் பார்த்தார். சுவருக்கு முன்னால் சிமெண்டு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. ஒருவர் நின்று நின்று தேய்ந்த இடம். அதற்கு ஓரடி பின்னால், தூசி படிந்த தரையில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது.

அக்காவுக்குப் பின்னால் தம்பி நிற்கும் இடம்.

கால் அங்கே போய் நின்றது...

வெங்காய மணம் வந்தது. மிளகு மணம் வந்தது. கொதிக்கும் சத்தம். களக்... களக்... சுவரில் புகைக் கறை. வேறொன்றும் இல்லை.



டங்... டங்...

இந்த முறை பக்கத்தில்.

கை நீண்டது. விரல் விரிந்தது.

காத்திருந்தார்.

சொட்டு விழுந்தது. சுரீரென்று சுட்டது. கையை இழுக்க முடியவில்லை.

நக்கினார்.

உப்பு...

கச்சிதமாக இருந்தது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு சூப் ருசித்ததில்லை. ஒரு கல் உப்பு கூடவும் வேண்டாம், ஒரு கல் குறையவும் வேண்டாம்.

கொதி அடங்கியது. அறை அமைதியானது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பது போன்ற அமைதி.

அவருக்கு அது சூப்பைப் பற்றிய கேள்வியாகத் தோன்றவில்லை. அந்த விருந்தைப் பற்றிய கேள்வி என்றே நினைத்தார். இத்தனை நாளும் யாரும் கேட்காத கேள்வி. உடைந்து போனார்.

"அதிகம் அக்கா... உப்பு அதிகம். தெரிஞ்சேதான் செஞ்சேன்..."



பிறகு, மூலையில், காய்ந்த தொட்டியில்...

சளார்ர்ர்...

ஒரு சட்டி நிறைய இருந்ததை மொத்தமாகக் கொட்டும் சத்தம்.

டொம்.

சட்டியைக் கவிழ்த்து வைக்கும் சத்தம்.

மணம் போய்விட்டது.

தம்பி அழுதார். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிவிட்டது போல இருந்தது. சொல்லிவிட்டோம். அக்கா கேட்டுவிட்டார். கணக்கு தீர்ந்தது என்று நினைத்தார்.

திரும்பினால், வாசற்படியில் கேமராக்காரப் பெண். பேட்டரி கையில் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"சார்... உங்க கையிலேருந்து ஆவி வருது."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். தங்கச்சி மகள் டீயோடு வந்தாள். கொப்புளித்திருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. டீயைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா எப்படிச் செத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"வயசாச்சு... உடம்பு முடியலன்னு..."

"உடம்புக்கு ஒண்ணுமே இல்ல. டாக்டரே சொன்னாரு. தினமும் மதியம் சமைப்பாங்க. கரண்டியைத் தட்டிப் பின்னாடி நீட்டுவாங்க. நான் கையை நீட்டினா ஊத்த மாட்டாங்க. 'நீ இல்ல, தம்பி சொல்லட்டும். தம்பி சரின்னு சொன்னா சாப்பிடறேன்'னு சொல்லுவாங்க. கொஞ்ச நேரம் அப்படியே நிப்பாங்க. அப்புறம், 'சரியில்ல போல இருக்கு'ன்னு சட்டியோட தொட்டியில கொட்டிடுவாங்க."

அவள் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"ஊட்டிவிட்டுப் பாத்தேன். துப்பிடுவாங்க. உங்க ஆபீசுக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன் தெரியுமா? எலும்பும் தோலுமா ஆகி, பசியில செத்தாங்க மாமா. சோறு போட்டே பேர் வாங்கினவங்க."

போன் வந்தது தம்பிக்குத் தெரியும். எடுக்க வேண்டாம் என்று சொன்னதே அவர்தான்.

அவள் அவருடைய கொப்புளத்தை மெல்லத் தொட்டாள். முதல் முறையாக அவள் கண்ணில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

"ஊத்தினாங்க இல்ல? சரியா இருக்குன்னு சொன்னீங்க இல்ல மாமா?"

தம்பி டீயைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே ஓடினார். தேய்ந்த சிமெண்டுக்குப் பின்னால் நின்று கையை நீட்டினார். "சரியா இருந்துச்சு அக்கா. சாப்பிடுங்க. உப்பு சரியா இருந்துச்சு." திரும்பத் திரும்பச் சொன்னார். வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறும் வரை சொன்னார். தொட்டி ஓட்டையின் விளிம்பில் இரண்டு வெங்காயத் துண்டுகள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகவில்லை. அதற்குப் பிறகும் தம்பி பல நாள் மதியம் அந்த வீட்டுக்குப் போய் நின்றார். கை நீட்டியபடி நின்றார். ஒரு தட்டு கூடக் கேட்கவில்லை. கடைசியில் வீட்டை ஒரு நர்சம்மாவின் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார்கள்.

குடிவந்து சில வாரத்தில் நர்சம்மா தங்கச்சி மகளுக்கு போன் செய்தார். பெரிய குறை ஒன்றும் இல்லை, வீடு நல்ல வீடுதான் என்றார். தொட்டிக் குழாயை மட்டும் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார்.

"தினமும் மதியம் நாங்க சாப்பிட உட்காரும்போது, ஒரு சட்டி நிறைய எதையோ கொட்டுற சத்தம் கேக்குதுங்க. போய்ப் பாத்தா தொட்டி காஞ்சுதான் கிடக்கு... ஆனா தொட்டா, சுடுது."