மூடுபனியின்மேல் ஒரு குறிப்பு

இதில் நான் சரிபார்த்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். பேடண்ட் எனப்படும் காப்புரிமை ஒன்றை எதிர்த்து வழக்காடுவோருக்கு, அதே பொருள் அதற்கு முன்பே உலகில் இருந்ததா என்று தேடிக் கொடுப்பது என் தொழில். முன்பே இருந்ததாக எனக்குத் தோன்றுவதால் பயனில்லை. எந்த நாளுக்கு முன், எவர் கண்ணிலும் படும்படி இருந்தது என்று நிறுவ வேண்டும். அந்த ஒழுங்கை இங்கே தளர்த்தினால் பாதிக்கப்படுபவள் நானல்ல. கொல்லிமலையில் வாழவந்தி நாடு எனப்படும் பகுதியில் ஒரு பெண் ஒரு விடைக்காகக் காத்திருக்கிறாள். பொய்யான விடை எதுவும் என் வழியாக அவளிடம் போய்ச் சேரக் கூடாது.

என் கணவருக்குக் கொல்லிமலையில் அரசுப் பணி. அங்கே சோளக்காடு என்ற ஊரில் வாடகைக்கு இருந்தோம். நான் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். அப்போது கையிலிருந்த வழக்கு காணொளி பற்றியது. பலரும் பார்க்கும் காணொளியில் ஒருவர் ஓரிடத்தைத் தொட்டுக் குறிப்பு எழுதலாம். பின்னால் பார்ப்பவருக்கு அதே நொடியில், அதே இடத்தில், எழுதியவரின் பெயரோடு அது தோன்றும். இதைத் தாமே முதலில் கண்டதாக ஒரு நிறுவனம் உரிமை கோரியது.

மற்றவர்கள் ஆங்கிலத்தில் தேடி முடித்திருந்தார்கள். நான் தமிழில் தேடினேன். மூடப்பட்டுவிட்ட ஓர் உழவர் காணொளித் தளத்தின் பழைய பக்கங்கள் இணையச் சேமிப்பகம் ஒன்றில் கிடந்தன. அவற்றுள் ஒரு காணொளியின் தலைப்பில் வாழவந்தி நாடு என்றிருந்தது. சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சார்த்தி ஒருவர் மிளகு பறிக்கிறார். படத்தின்மேல் அங்கங்கே குறிப்புகள் எழுந்து மறைந்தன. ஏணியின்மேல்: "ஆடுது, பாத்து மாமா." அவர் இடுப்பின்மேல்: "வேட்டிய இறுக்கிக் கட்டு, ஊரே பாக்குது." கடைசியில் மூடுபனி இறங்கி மரமும் ஆளும் மறைகிற நொடியில், வெறும் வெள்ளையின்மேல் ஒரு குறிப்பு: "நான் இங்கதான் இருக்கேன்."

சேமிப்பகத்தில் இரண்டு பிரதிகள் இருந்தன. இரண்டும் காப்புரிமை விண்ணப்பத்துக்கு முந்தியவை. எனவே நாள் பற்றிய ஐயம் இல்லை. முந்திய பிரதியில் பனியின்மேல் குறிப்பு இல்லை, பிந்தியதில் இருந்தது. உறுத்தியது வேறொன்று. எல்லாக் குறிப்புகளும் ஒரே பெயரில் இருந்தன; மிளகு பறிப்பவர் என்று தலைப்பில் இருந்ததும் அதே பெயர். தன்னையே ஒருவர் மாமா என்று அழைப்பாரா? கேட்டறியப் பேருந்தேறினேன்.

மிளகு பறித்தவரின் மனைவி வாசலில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவள் கணவரின் தம்பி பக்கத்தில் ஏணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மடிக்கணினியில் காணொளியை ஓடவிட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மாமான்னு எழுதுனது நானுங்க. வேட்டி இவன் வேலை. ஏணி ஏறப் பயம், வாய் மட்டும் மரத்து உச்சிக்குப் போகும்."

"அண்ணி, அன்னிக்கு ஏணியப் புடிச்சுட்டு நின்னது யாரு? நாந்தான்!"

"அதனாலதான் ஆடுச்சு."

"எல்லாம் ஒரே பேரில் இருக்கிறதே?" என்றேன்.

"சோளக்காட்டுல செல்போன் கடைக்காரரு எங்க அண்ணன் பேர்ல கணக்கு போட்டுக் குடுத்தாருங்க மேடம்," என்றார் தம்பி. "அதையே ஊருல எல்லாரும் போட்டுக்கிட்டோம். பாக்கறது ஒரே படம், ஆளுக்கொரு பேரு எதுக்குங்க?"

முன்பே இருந்தது என்பதற்கான என் சான்று அங்கேயே உடைந்தது. எழுதியவர் ஒவ்வொருவரும் தம் பெயரில் தோன்ற வேண்டும் என்பதே அந்தக் காப்புரிமையின் உயிர்நிலை. இங்கே ஊர் முழுவதும் ஒரே ஆளாகியிருந்தது.

அதற்குள் காணொளியில் பனி இறங்கியது, குறிப்பு எழுந்தது. இருவரும் அதை அதற்குமுன் கண்டதில்லை. அவள் திரையின் வெள்ளையில் விரலை வைத்தாள்.

"இது எப்ப எழுதுனதுங்கக்கா?"

அவள் கேட்டதன் காரணத்தைத் தம்பிதான் சொன்னார். மிளகுத் தோட்ட வேலைக்கென்று அண்ணன் கேரளத்துக்குப் பேருந்தேறினார், திரும்பவில்லை. தேடியும் தடயமில்லை. காரியம் செய்துவிடலாம் என்று பெரியப்பாவும் பங்காளிகளும் கூடிப் பேசி, வரும் அமாவாசைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் மட்டும் இசையவில்லை.

"எழுதுனது நீயா?" என்று அவள் கேட்டாள்.

"சத்தியமா நான் இல்லீங்க அண்ணி. இதுலயா வெளையாடுவேன்?"

அவள் கணவர் போனது ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள். திருவிழா நோட்டீஸ் சுவரில் இன்னும் ஒட்டியிருந்தது. அதிலிருந்த தேதியோடு பிரதிகளின் தேதிகளை ஒப்பிட்டேன். முதற்பிரதி அதற்கு முந்தியது. அடுத்தது அதற்குப் பிந்தியது. குறிப்பும் அவர் போனதும் அந்த ஒரே இடைவெளிக்குள் விழுந்தன. எது முன், எது பின் என்று பிரிக்க என்னிடம் எதுவும் இல்லை.

"போனதுக்கப்புறம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நிறுத்திடுவாங்க."

சொல்லியிருக்கலாம், மறுக்க அங்கே எவரும் இல்லை. ஆனால் தெரியவில்லை என்றேன். எழுதியவர் அவர்தான் என்றும் சொல்ல முடியாது என்றேன்.

அவள் திரையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, "அவரு இல்லைன்னும் சொல்ல முடியாதுல்லீங்க?" என்றாள்.

"முடியாது."

"அது போதுங்க." கத்தியை எடுத்துக் கிழங்கைச் சீவத் தொடங்கினாள். "ஏப்பா, கேட்டுக்கிட்டியா? உங்க பெரியப்பாகிட்ட இதையே சொல்லு."

"நல்லாக் கொழப்பி உட்டீங்க மேடம்," என்றார் தம்பி. ஆனால் கயிற்றை அப்படியே போட்டுவிட்டுப் பெரியப்பா வீட்டுக்கு உடனே கிளம்பினார்.

அந்த அமாவாசையில் காரியம் நடக்கவில்லை. இதை அடுத்த வாரம் சோளக்காட்டுச் சந்தையில் அவளே என்னிடம் சொன்னாள். செல்போன் கடைக்காரரையும் விசாரித்தேன். கடவுச்சொல்லை யார் யாருக்குக் கொடுத்தார் என்று அவருக்கு நினைவில்லை. என் அறிக்கையில் நாள் உறுதி, எழுதியவர் உறுதியில்லை, இது பயன்படாது என்று எழுதினேன். வழக்கறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த வேலை முடிந்துவிட்டது. ஆயினும் சாலையில் பனி இறங்கி எதிர்வீடு மறையும்போதெல்லாம், அந்த வெள்ளையில் எழுத்து எழுகிற இடத்தை என் கண் தேடுகிறது. படத்தில் அவர் மறைந்த பின்னரே அது எழுகிறது. எழுதியவரும் அந்த நொடிவரை காத்திருந்தே திரையைத் தொட்டிருக்க வேண்டும்.

குறிப்பை எழுதியவர் யார் என்று தெரியவில்லை. மிளகு பறித்தவர் ஊரைவிட்டுப் போகுமுன் எழுதப்பட்டதா, போன பின்னரா என்று தெரியவில்லை. அவர் உயிரோடிருக்கிறாரா என்று தெரியவில்லை.